நினைவை அளக்கும் மூன்று எண்கள்

உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் என்ன நடக்கிறது? நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "அடுப்பாய்க் கொதிக்கிறதே!" என்கிறாள் அம்மா. "அதெல்லாம் ஒன்றுமில்லை, லேசாகத்தான் சுடுகிறது" என்கிறாள் பாட்டி. இரண்டு கைகள், இரண்டு தீர்ப்புகள். தெர்மாமீட்டர் 102 டிகிரி என்று காட்டியவுடன் வாதம் ஓய்ந்துவிடுகிறது. காலையில் 102, மாலையில் 100 என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. நோயாளியை அதுவரை பார்த்தே இராத ஒரு டாக்டர்கூட அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்குகிறது என்று சொல்லிவிடுவார்.

இப்போது வேறொரு நிலைமையைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். "பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார்" என்கிறார் ஒருவர். "இல்லை, முனகினார்" என்கிறார் மற்றொருவர். "பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கண்ணைத் திறந்து பார்த்தார்" என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது? ஒரு மணி நேரத்துக்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? நினைவை அளக்க ஒரு தெர்மாமீட்டர் உண்டா?

உண்டு. அதில் கண்ணாடிக் குழாயும் இல்லை, பாதரசமும் இல்லை. மின்சாரம்கூட வேண்டாம். அளப்பவரின் கண், காது, கை, ஒரு தாள், ஒரு பேனா, இவ்வளவுதான் கருவி. அதன் பெயர் கிளாஸ்கோ கோமா அளவை. உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் ஜி.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. எனவே இந்த அளவை நமக்கு அந்நியமான விஷயமல்ல. இதை எப்படி அளக்கிறார்கள் என்பதைவிட, அளந்ததை எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் அதிகம் பேசப் போகிறேன். காரணம், பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் புகுந்துகொள்கின்றன.

மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

முதலில், நினைவை ஏன் அளக்க வேண்டும்? இங்கே கொஞ்சம் இயற்பியல் வேண்டியிருக்கிறது. இயற்பியல் வாத்தியார் எழுதும் கட்டுரையில் இதை நீங்கள் எதிர்பார்த்துத்தான் இருப்பீர்கள்!

வளர்ந்த மனிதரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதற்குள் ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை இருக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து சுமார் 150 மில்லிலிட்டர் நீர்மம் இருக்கிறது. இரத்தக் குழாய்களில் ஓடும் இரத்தமும் இருக்கிறது. பெட்டியில் இந்த மூன்றுக்கும்தான் இடம். நான்காவதாக ஒன்று உள்ளே வந்தால், இம்மூன்றில் ஏதேனும் ஒன்று வெளியேறியாக வேண்டும். எடின்பரோவில் உடற்கூறு கற்பித்த அலெக்சாண்டர் மன்றோ இந்தக் கருத்தை 1783-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நான்காவது பொருள் எது? தலையில் அடிபட்டவருக்கு அது பெரும்பாலும் கசிந்து தேங்கும் இரத்தம். நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் மண்டையெலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அந்தத் தமனியும் கிழிந்துபோகலாம். இரத்தம் எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே சிறிது சிறிதாகச் சேர்கிறது.

முதலில் சேரும் இரத்தத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது. மூளையைச் சுற்றியுள்ள நீர்மம் கொஞ்சம் முதுகுப்பக்கம் இறங்கும். சிரைகளில் உள்ள இரத்தம் கொஞ்சம் கழுத்துப்பக்கம் வெளியேறும். படுத்திருக்கும் ஒருவருக்கு மண்டைக்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணமாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். இந்தக் கட்டத்தில் அது அதிகம் ஏறுவதில்லை. நோயாளி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கக்கூடும். "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று அடம் பிடிக்கவும் கூடும். ஆனால் வெளியேறக்கூடியதெல்லாம் வெளியேறி முடிந்த பிறகு? அதன்பின் ஒவ்வொரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறுகிறது. கிடை அச்சில் பருமனையும் நிலை அச்சில் அழுத்தத்தையும் வைத்து வரைபடம் போட்டால், வெகுதூரம் ஏறக்குறையச் சமதளமாகப் போகும் கோடு திடீரென்று செங்குத்தாக மேலே பாயும்.

அடிபட்டவர் ஒரு தடவை நினைவிழந்து, தெளிந்து, நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி ஆழ்ந்து போவதற்கு இதுதான் காரணம். நடுவில் வரும் நல்ல நேரத்தைத் தெளிவு இடைவேளை என்கிறார்கள். சமதளம் முடிந்து செங்குத்து தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அறுவை மருத்துவர் எலும்பைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்துவிடுவார். மூளைக்கு அதிகச் சேதம் நேர்வதற்குள் எடுத்துவிட்டால் நோயாளி முழுக்கக் குணமாகி வீடு திரும்புவதும் உண்டு. தாமதமானால் உயிர் போய்விடலாம்.

சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் ஸ்கேன் என்பது ஒரு கணத்தின் புகைப்படம். அரை மணிக்கொரு தடவை ஒருவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அரை மணிக்கொரு தடவை ஒரு நர்ஸ் கட்டிலருகே வந்து பார்த்து எழுத முடியும். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பதே பெரும்பாலும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

சொற்கள் போய் எண்கள் வந்தன

1974-க்கு முன்பு மருத்துவர்கள் என்ன எழுதினார்கள்? 'அரை மயக்கம்', 'மந்த நிலை', 'ஆழ்ந்த மயக்கம்', 'லேசான கோமா' இப்படிப்பட்ட சொற்களைத்தான். ஒரு மருத்துவரின் 'அரை மயக்கம்' இன்னொருவருக்கு 'மந்த நிலை'. பகலில் ஒருவர் 'மந்தம்' என்று எழுதிவிட்டுப் போக, இரவில் வந்தவர் 'அரை மயக்கம்' என்று எழுதினால், நோயாளி மோசமானாரா, அல்லது எழுதியவர்தான் மாறினாரா? தாளைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. அம்மாவின் கைக்கும் பாட்டியின் கைக்கும் நடந்த அதே வழக்குதான்!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்னும் இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1974 ஜூலையில் லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய யோசனை எளிமையானது. 'மயக்கம் எவ்வளவு ஆழம்?' என்று கேட்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத பொருள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கேளுங்கள்: கண்ணைத் திறக்கிறாரா? பேசுகிறாரா? கை காலை அசைக்கிறாரா? ஒவ்வொன்றிலும் அவர் எட்டக்கூடிய மிக நல்ல பதில் எது?

நாம் மின்னோட்டத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. அம்மீட்டரின் முள் நகர்வதைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

மூன்று ஏணிகள்

இந்த அளவையில் மூன்று ஏணிகள் இருக்கின்றன. கண்ணுக்கு 4 படி, பேச்சுக்கு 5 படி, அசைவுக்கு 6 படி. மருத்துவமனைத் தாள்களில் ஆங்கில எழுத்துகளான ஈ, வி, எம் என்பவற்றால் இவற்றைக் குறிக்கிறார்கள்.

கண் ஏணி சுலபமானது. தானாகவே கண் திறந்திருந்தால் 4. கூப்பிட்ட பிறகு திறந்தால் 3. உடலில் எங்காவது அழுத்தினால்தான் திறப்பார் என்றால் 2. எதற்கும் திறக்காவிட்டால் 1.

பேச்சில், தன் பெயர், இருக்கும் இடம், எந்த மாதம் என்பவற்றைச் சரியாகச் சொன்னால் 5. வாக்கியமாகப் பேசுகிறார், ஆனால் குழம்பிப் பேசுகிறார், மருத்துவமனையில் படுத்துக்கொண்டு "பஸ் எத்தனை மணிக்கு?" என்கிறார், அது 4. ஒற்றைச் சொற்கள் மட்டும் வந்தால் 3. வெறும் முனகல் 2. ஒன்றுமில்லை என்றால் 1.

மூன்றாவதான அசைவு ஏணிதான் மிகவும் செய்தி நிறைந்தது. ஆகவே இங்கே சற்று நிற்போம். சொன்னதைச் செய்தால் 6. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "என் கையைப் பிடியுங்கள்" என்று சொல்லி, உள்ளங்கையில் விரலை வைத்தால் அவர் பிடித்துக்கொள்கிறார். உடனே 6 போட்டுவிடலாமா? கூடாது! கைக்குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள், அதுவும் பிடித்துக்கொள்ளும். அது கட்டளையைப் புரிந்துகொண்டா பிடித்தது? அது அனிச்சைச் செயல். மூளை அடிபட்டவர்களிடம் இந்தப் பழைய அனிச்சைச் செயல் திரும்ப வந்துவிடுவதுண்டு. ஆகவே "இப்போது விடுங்கள்" என்றும் சொல்ல வேண்டும். சொன்னபடி பிடித்து, சொன்னபடி விட்டால்தான் 6. கையை அசைக்க முடியாதவரிடம் நாக்கை நீட்டச் சொல்லலாம்.

சொல்லுக்குப் பதில் இல்லாவிட்டால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகத்தின் மேல் அழுத்தலாம். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையைக் கிள்ளலாம். புருவ எலும்பின் விளிம்பிலுள்ள சிறு பள்ளத்தில் அழுத்தலாம். கழுத்திலோ புருவத்திலோ அழுத்தும்போது, அந்த இடத்தைத் தேடி நோயாளியின் கை காறை எலும்புக்கு மேலே வந்தால் 5. எங்கே வலிக்கிறது என்பது மூளைக்குத் தெரிந்திருக்கிறது, தட்டிவிடவும் முயல்கிறது என்று பொருள். விரல் நகத்தில் மட்டும் அழுத்திவிட்டு 5 என்று எழுதினால் அதற்கு அர்த்தமில்லை. ஏன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்! அழுத்தும் இடமே கைதானே. அது எதைத் தேடிப் போகும்?

முழங்கை மடங்குகிறது, ஆனால் வலித்த இடத்தைத் தேடவில்லை என்றால் 4 அல்லது 3. விரைவாக, உடலைவிட்டு விலகி மடங்கினால் 4. மெதுவாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியாக மார்புக்குக் குறுக்கே வந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டால் 3. முழங்கை மடங்காமல் விறைத்து நீண்டால் 2. எதுவுமே இல்லை என்றால் 1. இந்த 4-க்கும் 3-க்கும் உள்ள வேற்றுமை 1974 கட்டுரையில் இல்லை. அங்கே அசைவுக்கு 5 படிகள்தான். ஓரிரு ஆண்டுகளில் ஆறாவது படியைச் சேர்த்தார்கள். அதனால் உச்ச மொத்தம் 14 என்பது 15 ஆயிற்று. சில இடங்களில் பழைய ஏணியும் சில இடங்களில் புதிய ஏணியும் நெடுநாள் புழங்கின. ஒரு தாளில் வெறுமனே '14' என்று இருந்தால், அது முழு மதிப்பெண்ணா, ஒன்று குறைவா? இங்கிலாந்தின் இன்றைய மருத்துவ வழிகாட்டி, மொத்தம் எழுதுவதாக இருந்தால் '15-க்கு 14' என்று கீழ் எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறது.

கூட்டல் செய்த குறும்பு

மூன்று எண்கள் கிடைத்துவிட்டன. மனிதனுக்குக் கை சும்மா இருக்குமா? கூட்டிவிடுகிறான். மிகக் குறைவு 3. மிக அதிகம் 15. தலைக்காயத்தில் 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது என்று பிரித்துக்கொண்டார்கள். அவசரத்தில் டெலிபோனில் சொல்வதற்கு இது வசதிதான்.

ஆனால் ஒரு கேள்வி. உங்கள் வகுப்பில் இரண்டு மாணவர்கள். இருவரும் 500-க்கு 300. ஒருவன் எல்லாப் பாடத்திலும் 60. மற்றவன் தமிழில் 90, ஆங்கிலத்தில் 80, அறிவியலில் 55, சமூக அறிவியலில் 55, கணக்கில் 20! 35 எடுத்தால்தான் தேர்ச்சி. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. மார்க் பட்டியலைப் பார்த்தால்தான், யாருக்கு எதில் உதவி தேவை என்று தெரியும்.

இங்கேயும் அதே கதை. 4 படி, 5 படி, 6 படி; மொத்தம் 4 × 5 × 6 = 120 வெவ்வேறு நிலைமைகள். இவற்றை 3 முதல் 15 வரையுள்ள 13 எண்களுக்குள் அடைக்கிறோம். மொத்தம் 3 வர ஒரே வழி; 15 வரவும் ஒரே வழி. 4 வர மூன்று வழிகள். 9 வர எத்தனை வழிகள் என்று பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 18 வர வேண்டும். பதினெட்டு விதமான நோயாளிகளை ஒரே எண்ணால் அழைக்கிறோம்.

பெயர் ஒன்றானால் என்ன, ஆபத்தும் ஒன்றாக இருந்தால் சரிதானே என்று நீங்கள் வாதாடலாம். நல்ல வாதம். அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் காயமடைந்தவர்களைப் பற்றிய தேசியப் பதிவேட்டிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2003-இல் வெளிவந்தது. மொத்தம் 4 உள்ளவர்களை மட்டும் பாருங்கள். அசைவில் 2, மற்றவற்றில் 1 வாங்கியவர்களில் 52 சதவீதம் பேர் பிழைத்தார்கள். பேச்சில் 2, மற்றவற்றில் 1 என்றால் 73 சதவீதம். கண்ணில் 2, மற்றவற்றில் 1 என்றால் 81 சதவீதம். மூன்று கூட்டத்துக்கும் மொத்தம் அதே 4!

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார்: "ஐயா, அசைவில் 2 வாங்கியவர் 1 வாங்கியவரைவிட நல்ல நிலையில் அல்லவா இருக்க வேண்டும்? அவர்தானே குறைவாகப் பிழைத்திருக்கிறார்?" சரியான கேள்வி. இந்த '1' என்ற எண்ணைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சீக்கிரமே வருகிறேன்.

அதற்கு முன் கூட்டலைப் பற்றி இன்னொரு சொல். மோஸ் கடினத்தன்மை அளவையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1812-இல் பிரெடரிக் மோஸ் அமைத்தது. டால்க் 1, குருந்தம் 9, வைரம் 10. ஒன்று மற்றொன்றைக் கீறுமா என்பதை மட்டுமே இந்த எண்கள் சொல்லும். குருந்தத்துக்கும் வைரத்துக்கும் உள்ள தூரம், அதற்குக் கீழுள்ள பல படிகளைச் சேர்த்தாலும் வராத அளவுக்குப் பெரியது. எண் வரிசையைக் காட்டுகிறது, தூரத்தைக் காட்டவில்லை. கிளாஸ்கோ எண்களும் இந்த ஜாதிதான். இவை 102 டிகிரி, 100 டிகிரி போன்றவை அல்ல. பேச்சு 4-இலிருந்து 3-க்கு இறங்குவதும் அசைவு 4-இலிருந்து 3-க்கு இறங்குவதும் காகிதத்தில் ஒரே 'ஒன்று'. படுக்கையில் அப்படி அல்ல. டீஸ்டேலும் ஜென்னெட்டும் தம் முதல் தாளில் மூன்றையும் தனித்தனி வரிசைகளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

இப்படியும் நடக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குக் கண் 3, பேச்சு 2, அசைவு 5. பத்தரைக்குக் கண் 4, பேச்சு 2, அசைவு 4. இரண்டு நேரத்திலும் மொத்தம் 10. மொத்தத்தை மட்டும் எழுதுபவர் 'மாற்றமில்லை' என்று எழுதி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மூன்றையும் எழுதுபவரோ டாக்டரைக் கூப்பிடுவார். ஏனெனில் அசைவு இறங்கியிருக்கிறது. அரை மணி நேரம் நீடிக்கும் ஒரு புள்ளி இறக்கத்திலேயே, அசைவு ஏணியின் இறக்கத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே இங்கிலாந்து வழிகாட்டி சொல்கிறது.

'ஒன்று' வேறு, 'அளக்க முடியவில்லை' வேறு

இப்போது அந்தச் சந்தேகத்துக்குரிய 1. மூச்சுக்குழலில் குழாய் செருகப்பட்ட நோயாளி பேச முடியாது. அவருக்குப் பேச்சு 1 போடலாமா? முகம் வீங்கிக் கண்ணிமை திறக்கவே முடியாதவருக்குக் கண் 1 போடலாமா? தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து கொடுக்கப்பட்டவருக்கு அசைவு 1 போடலாமா?

கூடாது. உங்கள் அம்மீட்டரில் கம்பி இணைக்காமலே 'மின்னோட்டம் பூஜ்யம்' என்று எழுதுவீர்களா? 1 என்பது 'தூண்டிப் பார்த்தேன், பதில் வரவில்லை' என்ற செய்தி. தூண்டிப் பார்க்கவே வழியில்லாதபோது, 'சோதிக்க இயலவில்லை' என்பதற்கு என்.டி. என்று இரண்டு எழுத்துப் போட்டு, காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். அப்போது மொத்தமும் கூட்டக் கூடாது. மேலே கண்ட அமெரிக்கக் கணக்கில் அசைவு 1 என்று பதிவானவர்களில் ஒரு பகுதியினர், மருந்தினால் அசையாமல் கிடந்தவர்களாக இருந்திருக்கக்கூடும். அப்படியானால் அந்த 1 என்பது மூளையின் நிலையைச் சொல்லவில்லை, மருந்துச் சீட்டைத்தான் சொல்லியிருக்கிறது.

மொழியும் ஒரு தடைதான். வேலை தேடி நம் ஊருக்கு வந்த ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். தமிழில் "இது எந்த மாசம்?" என்று கேட்டால் அவர் விழிப்பார். அது மூளையின் குழப்பம் அல்ல. அவர் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வந்து கேட்கச் சொன்னால் பளிச்சென்று பதில் வரலாம். காது கேளாதவர், ஏற்கெனவே பக்கவாதத்தால் பேச்சிழந்தவர், குடித்திருப்பவர், இவர்கள் விஷயத்திலும் இப்படியே. எண்ணுக்குப் பக்கத்தில் அரை வரி எழுதி வைத்தால், அடுத்து வருபவர் ஏமாற மாட்டார். சின்னக் குழந்தைகளுக்கு மாதம் கேட்க முடியாது. அவர்களுக்கென்று மாற்றியமைத்த பேச்சு ஏணி தனியே இருக்கிறது.

ரெக்கார்டு நோட்டின் ஒழுக்கம்

இத்தனையும் தெரிந்த பிறகும் பதிவு ஏன் கெட்டுப்போகிறது? செய்முறை வகுப்பு எடுக்கும் எவருக்கும் இதன் விடை தெரியும். தனி ஊசல் சோதனையில் ஜி-யின் மதிப்பு 980 வர வேண்டும் என்று மாணவனுக்கு முன்பே தெரியும். இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பார்க்காமல், 980-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்பிவிடுகிறான்! விடை அழகாக வருகிறது. அளவீடு மட்டும் அங்கே இல்லை.

மருத்துவமனையிலும், முந்தைய வரிசையில் இருக்கும் எண்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிசையை நிரப்பும் ஆசை வருவதுண்டு. இரவு ஷிப்டில் ஒரே நர்ஸ், நிறையக் கட்டில்கள். குற்றம் சொல்வது எளிது. ஆனால் சமதளம் முடிந்து செங்குத்து ஆரம்பிக்கும் அந்த அரை மணி, நகலெடுத்த வரிசைக்குள் மறைந்து போய்விடும். அதனால்தான் இங்கிலாந்து வழிகாட்டி அளக்கும் நேரங்களைக் கறாராகச் சொல்கிறது. 15 வரும் வரை அரை மணிக்கொரு தடவை. 15 வந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கொரு தடவை, அடுத்த நான்கு மணி நேரத்துக்கு மணிக்கொரு தடவை, அதன்பின் இரண்டு மணிக்கொரு தடவை. ஒரு புள்ளி இறங்கினாலும் மறுபடி அரை மணிக்குப் போய்விட வேண்டும்.

நர்ஸ் மாறும்போது இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒரு தடவை அளப்பது. ஒரே நோயாளியை ஒரே நேரத்தில் இருவர் பார்த்து ஒரே எண்ணைச் சொன்னால், அடுத்த அரை மணியில் வரும் மாற்றம் நோயாளியுடையது என்று நம்பலாம். இரண்டு வோல்ட்மீட்டர்களை ஒரே மின்கலத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லையா? இது செலவே இல்லாத அளவுத்திருத்தம். என் அபிப்பிராயத்தில், விலையுயர்ந்த கருவி எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மருத்துவமனை செய்ய வேண்டியது இதுதான்.

அளவைக்கு நாற்பது ஆண்டு நிறைந்தபோது, 2014-இல், டீஸ்டேலும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் இதை மறுபடி செப்பனிட்டு வெளியிட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக அளக்கிறார்கள் என்பது அதற்குள் தெளிவாகிவிட்டிருந்தது. ஒருவர் நகத்தை அழுத்துகிறார், இன்னொருவர் மார்பெலும்பைத் தேய்க்கிறார். ஆகவே வேலையை நான்கு அடிகளாகப் பிரித்தார்கள்: முதலில், அளக்கத் தடையாக ஏதேனும் இருக்கிறதா என்று சரிபார், பிறகு, தொடாமல் தானாக என்ன செய்கிறார் என்று கவனி, பிறகு, குரலாலும் அழுத்தத்தாலும் தூண்டு, கடைசியில் எண்ணைக் குறி. 'வலி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அழுத்தம்' என்று வைத்தார்கள். நாம் கொடுப்பது அழுத்தம். வலித்ததா என்பது நோயாளிக்கு மட்டுமே தெரியும். இயற்பியல்காரனுக்கு இந்தத் திருத்தம் மிகவும் பிடித்துப் போகிறது! மார்பெலும்பைத் தேய்ப்பதையும் வேண்டாம் என்றார்கள். அது காயப்படுத்துகிறது, வரும் பதிலையும் தெளிவாக வகைப்படுத்த முடிவதில்லை.

கண்ணின் பாப்பாவைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சம் பட்டால் பாப்பா சுருங்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளையின் ஒரு பகுதி கீழே தள்ளப்படும்போது, பாப்பாவைச் சுருக்கும் நரம்பு நசுங்குகிறது. அந்தப் பக்கத்துப் பாப்பா அகன்று, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றுவிடுகிறது. இதைத் தனியாகத்தான் எழுதி வந்தார்கள். 2018-இல் டீஸ்டேல் குழுவினர் இதையும் ஓர் எண்ணாக்கினார்கள். இரண்டு பாப்பாவும் சுருங்கினால் 0, ஒன்று சுருங்காவிட்டால் 1, இரண்டுமே சுருங்காவிட்டால் 2. இதைக் கிளாஸ்கோ மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். அதனால் இப்போது மிகக் குறைந்த மதிப்பு 3 அல்ல, 1.

கழித்து வந்த விடையை எழுதினாலும், கழிப்பதற்கு முன்பிருந்த எண்களைத் தாளிலிருந்து நீக்குவதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், தலைக்காயப் பிரிவில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளைத் தூரத்திலிருந்து கவனியுங்கள். மேலே கண், பேச்சு, அசைவு என்று மூன்று ஏணிகள், நேரத்துக்கு நேரம் புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். கீழே சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக அச்சிட்ட கறுப்பு வட்டங்கள். பாப்பா எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று ஒப்பிடத்தான் அந்த வட்டங்கள். வலக்கண்ணுக்கு ஒரு வரிசை, இடக்கண்ணுக்கு ஒரு வரிசை. வெளிச்சத்துக்குச் சுருங்கினால் கூட்டல் குறி, சுருங்காவிட்டால் கழித்தல் குறி.